சாவா மூவாப் பேராடும் ஏரிப்பட்டியும்: கால்நடைக் கொடை, நீர்நிலைக் கொடை ஆகியவற்றின் நிலைபேறு

ஆய்வுச்சுருக்கம்

கால்நடைகளை முதலாகக் கொண்ட விளக்குக் கொடைகளும், ஏரி, கிணறு, நந்தவனம் ஆகியவற்றின் பராமரிப்புக்கான நிவந்தங்களும் இடைக்காலத் தமிழகக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவ்விரு வகைக் கொடைகளும் நிலைபேற்றை நோக்கமாகக் கொண்டவை. எனினும் அந்நிலைபேற்றை அடைவதற்கு அவை மேற்கொண்ட வழிகள் வேறானவை. கால்நடைக் கொடையில் இழப்பின் சுமை காப்பாளராகிய இடையரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீர்நிலைக் கொடையில் பராமரிப்பு உழைப்புக்கான ஊதியம் நிவந்தத்தின் வருவாயிலிருந்தே வழங்கப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கல்வெட்டுச் சான்றுகளின்வழி விளக்கி, குடியேற்ற ஆட்சிக்காலச் சட்டங்களிலும் விடுதலைக்குப் பிந்தைய விலங்கு நல, சுற்றுச்சூழல் நிதி ஏற்பாடுகளிலும் அது பெற்ற மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிவந்தம், சாவா மூவாப் பேராடு, ஏரிப்பட்டி, ஏரி வாரியம், குடிமராமத்து, விலங்கு நலம், அறக்கொடை.

முன்னுரை

கட்டடம் ஒன்றை எழுப்புவதற்குத் தரப்படும் கொடைக்கும், உயிருள்ள ஒன்றையோ ஆண்டுதோறும் சீர்கெடும் ஒன்றையோ காப்பதற்குத் தரப்படும் கொடைக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. முன்னது பணி முடிந்தவுடன் நிறைவுறுகிறது. பின்னதற்கு நிறைவு என்பதே இல்லை. ஆடு முதுமையுறும், இறக்கும், மீண்டும் ஈனும். ஏரி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வண்டலை ஏற்றுத் தூர்ந்துகொண்டே வரும். ஆகவே இவற்றுக்கான அறம், தொடர்ந்து செலவிடும் ஏற்பாடாகவே அமைய வேண்டும். விலங்கு நலத்துக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் இன்று நல்கை வழங்கும் அமைப்புகள் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கலும் இதுவே.

இச்சிக்கலுக்குத் தமிழகத்தில் நீண்டதொரு வரலாறு உண்டு. கோயில் சுவர்களில் பொறிக்கப்பட்ட பல்லாயிரம் கொடை ஆவணங்களில் பெரும்பகுதி, ஒரு செயல் இடையறாது நடைபெறுவதற்கு வேண்டிய பொருளியல் ஏற்பாட்டையே பதிவு செய்கின்றன. அவற்றைச் சமய வரலாற்றுக்கும் வரி வரலாற்றுக்கும் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அறக்கொடையின் அமைப்பு வரலாற்றுக்கும் அவை சான்றாக உதவும். ஒரு நிவந்தம் நிலைபெறுவதற்கான இழப்பை யார் ஏற்றார் என்னும் வினாவை முன்வைத்து, கால்நடைக் கொடையையும் நீர்நிலைக் கொடையையும் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிவந்தத்தின் அமைப்பு

சோழர்காலக் கொடை ஆவணங்களில் மூன்று கூறுகள் பொதுவாகக் காணப்படுகின்றன. முதலாவது, அழியாது காக்கப்பட வேண்டிய முதல். அது பொன்னாகவோ காசாகவோ நெல்லாகவோ நிலமாகவோ கால்நடையாகவோ இருக்கலாம். இரண்டாவது, அம்முதலைப் பெற்றுக்கொண்டு கடமையை ஏற்கும் தரப்பு. ஊர், சபை, நகரம், கோயில் பண்டாரம், இடையர் எனப் பல தரப்பினர் இவ்வாறு பொறுப்பேற்றனர். மூன்றாவது, அம்முதலிலிருந்து குறித்த காலந்தோறும் வந்துசேர வேண்டிய பயன். அது பலிசை, பொலியூட்டு முதலிய சொற்களால் குறிக்கப்பட்டது.

தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளில் இவ்வமைப்பு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச் சபைகளிடம் கடனாக ஒப்படைக்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக விதிக்கப்பட்டது. முதல் சபையிடமே தங்கிவிட, வட்டி மட்டுமே கோயிலைச் சென்றடைந்தது. கொடையாளர் மறைந்த பின்னரும் கொடை தொடர்வதற்கு இதுவே வழியாயிற்று.

நிலக்கொடையிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. விளக்குக்கு விடப்பட்ட நிலம் திருவிளக்குப்புறம் என்றும், நந்தவனத்துக்கு விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் என்றும், மடத்துக்கு விடப்பட்டது மடப்புறம் என்றும் வழங்கப்பட்டன. ஏரியின் பராமரிப்புக்கு விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். நிலத்தின் பெயரே அதன் விளைவு எதற்கு உரியது என்பதை அறிவித்தது. உடைமை கைமாறினாலும், கணக்கர் மாறினாலும், அந்நிலத்தின் பெயர் அதன் கடமையை நினைவூட்டியது.

சாவா மூவாப் பேராடு

கோயில்களில் பகலும் இரவும் அணையாது எரியும் நந்தாவிளக்குக்காகக் கால்நடைகளை வழங்கும் வழக்கம் பல்லவர் காலத்திலிருந்தே காணப்படுகிறது. இவ்வாறு வழங்கப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு என்பது இதன் பொருள். உயிருள்ள ஆடு எதற்கும் இத்தொடர் பொருந்தாது. சட்ட நோக்கில் கொண்டால் மட்டுமே இது பொருள் தரும். மந்தையில் ஆடு ஒன்று இறந்தால் அவ்விடத்தை மற்றோர் ஆடு நிரப்ப வேண்டும். முதியது கழிந்தால் இளையது சேர வேண்டும். தனித்தனி ஆடுகள் மாறிக்கொண்டிருந்தாலும் மந்தையின் எண்ணிக்கை மாறக்கூடாது. சாவும் மூப்பும் இல்லாதது அந்த எண்ணிக்கையே.

ஒரு நந்தாவிளக்குக்குப் பல கல்வெட்டுகளில் 90 ஆடுகளும், வேறு பல கல்வெட்டுகளில் 96 ஆடுகளும் குறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைக் கல்வெட்டுகளில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்னும் அளவு காணப்படுகிறது. இவை கலந்தும் வழங்கப்பட்டன. ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கும், ஓர் எருமை ஆறு ஆடுகளுக்கும் நிகராகக் கொள்ளப்பட்டமை இதனால் புலனாகிறது. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

இக்கடமை இடையர் ஒருவரது வாழ்நாளோடு முடிவதன்று. தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்த ஹுல்ட்சு, அவற்றில் இடையர்களின் பெயர்களோடு அவர்தம் உறவினர் பெயர்களும் பட்டியலிடப்பட்டிருப்பதை வெளிக்கொணர்ந்தார். கால்நடையைப் பெற்றவரும், அவர் உறவினரும், அவ்வுறவினரின் உறவினரும் உள்ளவரை நெய் அளக்க வேண்டும் என்பது அங்குக் காணப்படும் நிபந்தனை. பிணையாளர்களைக் குறிக்கும் பிற கல்வெட்டுகளில், பொறுப்பேற்ற இடையர் இறந்தாலும் ஊரைவிட்டு நீங்கினாலும் கடமை பிணையாளரைச் சாரும் என்னும் ஏற்பாடு உள்ளது.

ஆட்டுக் கணக்கும் இழப்புச் சுமையும்

90 என்னும் எண்ணிக்கை தற்செயலாக அமைந்ததா என்னும் வினா எழுகிறது. நான்கு உழக்கு ஒரு நாழியாகும். உத்தரமேரூர்க் கல்வெட்டில் வாரியப் பதவிக்கு வகுக்கப்பட்டதுபோல் ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஓர் உழக்கு வீதம் ஆண்டுக்கு 90 நாழி நெய் தேவைப்படும். 90 ஆடுகள் கொண்ட மந்தையில் ஆட்டுக்கு ஒரு நாழி என்பது இதிலிருந்து கிடைக்கும் விகிதம். 365 நாள் எனக் கணக்கிட்டாலும் 91 நாழிக்குச் சற்று மேற்படும், அவ்வளவே. 96 ஆடுகள் கொண்ட மந்தையில் விகிதம் ஆட்டுக்கு ஒரு நாழிக்குச் சற்றுக் குறைகிறது. இக்கணக்கை எந்தக் கல்வெட்டும் வெளிப்படையாகக் கூறவில்லை. எனவே இதனைக் கருதுகோளாக மட்டுமே கொள்ளலாம். ஆயினும், பெண்ணாடு ஒன்றிடம் ஆண்டு முழுமைக்கும் எதிர்பார்க்கத்தக்க குறைந்த அளவு நெய்யை அடிப்படையாகக் கொண்டு மந்தையின் அளவு வகுக்கப்பட்டிருக்கலாம் என எண்ண இடமுண்டு.

இந்த ஏற்பாட்டில் இடையருக்குப் பயனே இல்லை என்று கூறவியலாது. நெய் அளந்ததுபோக எஞ்சிய பாலும், மந்தையின் இயல்பான பெருக்கமும், வயலில் கிடை மறிப்பதால் கிடைக்கும் வரவும் இடையரைச் சார்ந்திருக்க வாய்ப்புண்டு. நல்ல மழை பெய்து மேய்ச்சல் செழித்த ஆண்டுகளில் இது ஊதியம் தரும் ஏற்பாடாகவே இருந்திருக்கும். வறட்சியிலும் நோயிலும் நிலைமை வேறு. மந்தையில் பாதி மடிந்தாலும் நெய்யின் அளவு குறைவதில்லை. தஞ்சையில் கோயில் காசைக் கடனாகப் பெற்றவை ஊர்ச் சபைகள். அவற்றுக்கு நிலமும் வரி வருவாயும் இருந்தன. இடையருக்கோ அம்மந்தையும் உறவினரின் பிணையுமே இருந்தன. கொடையாளரின் புண்ணியம் நிலையானதாகப் பொறிக்கப்பட்டபோது, அந்நிலைபேற்றுக்கு ஈடாக வைக்கப்பட்டது இடையர் குடும்பங்களின் எதிர்கால உழைப்பாகும்.

இங்கு மற்றொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். சாவா மூவாப் பேராட்டைத் தற்காலப் பொருளிலான விலங்கு நல ஏற்பாடாகக் கருதுவது பொருந்தாது. கொடையின் பயன் விளக்குக்கு உரியது. ஆடு அப்பயனை ஈனும் முதல். மந்தை நலமாக இருப்பது இடையருக்கும் கோயிலுக்கும் தேவையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அத்தேவை நெய்யிலிருந்து பிறந்தது. ஆட்டின் துன்பத்தைக் குறித்த கவலையிலிருந்து பிறந்ததன்று. வேட்டையிலோ பூசலிலோ அறியாது உயிர்க்கொலை நேர்ந்தபோது, அதற்குக் கழுவாயாக நந்தாவிளக்குக்கு ஆடுகளை விடுமாறு பணித்த கல்வெட்டுகளும் உள்ளன. அங்கும் ஆடு தண்டத்தைச் செலுத்தும் அளவையாகவே நிற்கிறது.

ஏரிப்பட்டியும் தூர்வாரும் கூலியும்

நீர்நிலைகளுக்கான கொடைகளில் வேறோர் அணுகுமுறை தென்படுகிறது. ஏரியை வெட்டுவித்தல் அரசர்க்குரிய பெருஞ்செயலாகப் போற்றப்பட்டது. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகமும், கூரம் செப்பேடு குறிக்கும் பரமேசுவர தடாகமும், முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கிய வீராணம் ஏரியும் இதற்குச் சான்றுகள். ஆனால் ஏரி நீடித்தது அதனை வெட்டியவரின் பெயரால் அன்று. கரையை உயர்த்துதல், மதகையும் தூம்பையும் செப்பனிடுதல், கலிங்கைக் காத்தல், வண்டலை அகற்றுதல் ஆகிய பணிகள் ஆண்டுதோறும் நடைபெற்றதாலேயே அது நீடித்தது.

இப்பணிகளுக்கெனத் தனியார் பலர் பொன்னும் நெல்லும் நிலமும் அளித்துள்ளனர். சபை அதனை முதலாகப் பெற்று, பலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் குழி அகழ்விக்கவும் கரை அட்டுவிக்கவும் உடன்பட்டது. தூர் வாருவதற்கென ஏரியில் ஓடங்களை வைத்து, அவற்றில் பணியாற்றுவோருக்குத் தொடர்ந்து கூலி வழங்க ஏற்பாடு செய்த ஆவணங்களும் உள்ளன. சில ஊர்களில் ஏரியின் மீன் உரிமையால் வந்த வருவாய் அந்த ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கப்பட்டது. ஏரியே தன் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

செய்யாற்றை அடுத்த உக்கலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இவ்வணுகுமுறையைச் சிறிய அளவில் காட்டுகிறது. பெருவழியில் அரசன் பெயரால் கிணறும் தொட்டியும் அமைத்த கொடையாளர் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் இறைப்பவருக்கும், தண்ணீர்ப் பந்தலில் நீர் வழங்குபவருக்கும், பானைகளை அளிப்பவருக்கும், ஆண்டுதோறும் நேரும் பழுதுகளைச் சரிசெய்வதற்கும் தனித்தனியே நெல் ஒதுக்கினார். நீர் இறைப்பவரின் உழைப்பும், உடையும் பானையும், தேயும் கட்டுமானமும் கொடையின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற்றன. அச்செலவை உழைப்பவர் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டிய நிலை ஆவணத்தில் இல்லை.

நந்தவனக் கொடைகளிலும் இத்தன்மை காணப்படுகிறது. பூந்தோட்டத்துக்கான நிலத்தோடு, அத்தோட்டத்தை உழுது நீர் பாய்ச்சி மாலை கட்டுவோருக்குச் சீவிதமாகவும் நிலம் விடப்பட்டது. தோட்டத்தின் வாழ்வும் தோட்டக்காரரின் வாழ்வும் ஒரே ஆவணத்தில் இணைக்கப்பட்டன.

இரு வகைக் கொடைகளுக்குமிடையே உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிறது. ஆட்டுக் கொடையில் பயன் நிலையானது. உற்பத்தியின் ஏற்ற இறக்கம் காப்பாளரைச் சாரும். ஏரிக் கொடையில் முதலைப் பெற்ற சபை பலிசைக்குப் பொறுப்பு. மண் சுமப்பவரும் ஓடம் செலுத்துபவரும் கூலி பெறுவோர். மழை பொய்த்த ஆண்டில் சபைக்கு நெருக்கடி நேரலாம். ஆனால் அந்நெருக்கடி உழைப்பாளரின் பரம்பரைக் கடனாக மாறுவதற்கு ஆவண அமைப்பில் இடமில்லை.

ஏரி வாரியமும் கணக்கும்

முதலைக் காப்பதற்குப் பெயரும் பிணையும் மட்டும் போதுமானவை அல்ல, கணக்கும் வேண்டும். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள் இவ்வகையில் இன்றியமையாதவை. இவை பெரும்பாலும் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே பேசப்படுகின்றன. அத்தேர்தல் எதற்காக நடத்தப்பட்டது என்பதும் கருதத்தக்கது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தோட்டத்தையும் ஏரியையும் பேணும் பொறுப்பு ஊராட்சியின் தனித்த துறைகளாக வகுக்கப்பட்டிருந்தது. உத்தரமேரூரின் வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரியை நோக்கும்போது இதன் தேவை விளங்கும்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெறத் தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டனர். இடையர்களின் ஆவணத்திலும் உறவினர் வருகின்றனர். ஏரி வாரியத்தின் ஆவணத்திலும் உறவினர் வருகின்றனர். முன்னதில் அவர்கள் நெய்க்குப் பிணை. பின்னதில், நிர்வாகியின் தவறு அவர்தம் தகுதியைப் பாதிக்கிறது. உறவுமுறையை நம்பிக்கைக்கு ஈடாக வைக்கும் வழக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் ஏரி வாரியத்தினர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமுடையோர். அவர்கள் இழந்தது பதவி வாய்ப்பு. இடையர் இழக்கக்கூடியது வாழ்வாதாரம். ஊரில் ஒருவர் பெற்றிருந்த இடத்தைப் பொறுத்தே அவர் ஏற்ற பொறுப்பின் கடுமையும் அமைந்தது.

சான்றுகளின் எல்லை

கொடைக் கல்வெட்டு, கொடை தொடங்கிய நாளின் ஆவணம். அது ஒப்புக்கொள்ளப்பட்ட கடமையைக் கூறுகிறது. அக்கடமை எத்தனை தலைமுறை நிறைவேற்றப்பட்டது என்பதைக் கூறுவதில்லை. சந்திரன், சூரியன் உள்ளவரை என்னும் தொடர் கொடையாளரின் விருப்பத்துக்குச் சான்றே அன்றி நிகழ்வுக்குச் சான்றன்று. முதலாம் இராசராசன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தன் போன்றோர் கோயில் காரியங்களை ஆராய்ந்த செய்திகள் கிடைப்பதும், தடைப்பட்ட நிவந்தங்கள் மீட்டமைக்கப்பட்ட பதிவுகள் உள்ளமையும், நிவந்தங்கள் தவறியதும் உண்டு என்பதையே உணர்த்துகின்றன.

கூலி வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது என்பதிலிருந்து ஏரிப் பணி முழுவதும் கூலிக்கே நடந்தது என முடிவு செய்வதும் பிழையாகும். வெட்டி என்னும் ஊதியமற்ற உழைப்புக் கடமை சோழர்கால வரி ஆவணங்களில் பலமுறை குறிக்கப்படுகிறது. நிவந்தம் இல்லாத ஏரிகளில் அவ்வுழைப்பே பயன்பட்டிருக்கக்கூடும். ஆகவே இங்குக் கூறப்பட்ட வேறுபாடு, இரு வகைக் கொடை ஆவணங்களின் வடிவமைப்பிலுள்ள வேறுபாடு என்னும் அளவில் நிற்கிறது.

கூலியிலிருந்து கட்டாயத்திற்கு

நிவந்தங்களுக்கும் அரசுக்குமுள்ள உறவு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் மாறியது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில், பள்ளிவாசல் முதலியவற்றுக்கும், பாலம், சத்திரம் முதலிய பொதுக் கட்டுமானங்களின் பழுதுபார்ப்புக்கும் விடப்பட்ட நிலங்களின் வருவாய் உரிய நோக்கத்துக்குச் செலவிடப்படுவதை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. 1858 முதல் இனாம் ஆணையம் வரியிலா நிலங்களின் உரிமையை ஆராய்ந்து வகைப்படுத்தியது. பாசன ஏரிகளின் பெரும்பணிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பாயின.

ஏரியின் அன்றாடச் சிறுபணிகளை யார் செய்வது என்னும் வினாவுக்கு அரசு கண்ட விடை 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். வெள்ளத்தால் கரை உடையும் இடர் நேரும்போது ஊராரைக் கட்டாயமாகப் பணிக்கு அழைக்க இச்சட்டம் அதிகாரம் அளித்தது. பாசனப் பணிகளில் ஊரார் கூட்டாக உழைக்கும் வழக்கம் இருந்த இடங்களில், தமக்குரிய பங்கைச் செய்யத் தவறியவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தொகையை வசூலிக்கவும் வழி செய்தது. இவ்வுழைப்பே குடிமராமத்து என அழைக்கப்பட்டது. மராமத்து என்பது அரபு மூலமுடைய சொல். சோழர்கால ஆவணச் சொல்லன்று. குடிமராமத்தைத் தொன்மையான ஊர் மரபாகக் காட்டிய குடியேற்ற ஆட்சியின் விளக்கம் ஐயத்துக்குரியது என்பதைத் தென்தமிழக ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மாஸ் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

கொடை வரலாற்றின் நோக்கில் இம்மாற்றத்தின் பொருள் இதுதான்: ஏரிப் பராமரிப்பு, முதலும் பலிசையும் உடைய நிவந்தம் என்னும் நிலையிலிருந்து, முதல் ஏதுமற்ற கடமை என்னும் நிலையை நோக்கி நகர்ந்தது. இடையரிடம் ஆடுகளாவது ஒப்படைக்கப்பட்டிருந்தன. குடிமராமத்தில் ஒப்படைக்கப்பட்டது கடமை மட்டுமே. 2017இல் தமிழ்நாடு அரசு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தைக் குடிமராமத்து என்னும் பெயரிலேயே தொடங்கியபோது அரசு நிதி ஒதுக்கப்பட்டது. பழைய பெயர் மீண்டது; அதன்கீழ் இருந்த பொருளியல் ஏற்பாடு முற்றிலும் வேறு.

முதலிலிருந்து பயனாளியாக

விலங்குகளைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்னும் உறுதியின் பேரில் அது திரும்பப் பெறப்பட்டு, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில் இயங்கியது. அரசு மானியம், நன்கொடை, உயில்வழிக் கொடை ஆகியவற்றைப் பெறவும், விலங்குக் காப்பகங்களுக்கும் கைவிடப்பட்ட கால்நடைகளின் புகலிடங்களுக்கும் நிதியுதவி அளிக்கவும் அச்சட்டம் வாரியத்துக்கு வழி வகுத்தது.

இங்கு விலங்கின் இடம் தலைகீழாகிறது. தஞ்சையில் ஆடு முதல், விளக்கு பயனாளி. காப்பகத்தில் பணம் முதல். பால் வற்றிய பசுவும் கால் முறிந்த நாயும் பயனாளிகள். பயன் தராத விலங்கையும் காப்பது என்னும் நோக்கம் சாவா மூவாப் பேராட்டின் தருக்கத்துக்கு முற்றிலும் மாறானது. மூத்த ஆடு அங்கு மந்தையிலிருந்து விலக்கப்பட வேண்டியது. இங்கு மூத்த விலங்கே கொடையின் காரணம். ஆனால் இந்த மேன்மையான நோக்கத்துக்குரிய பொருளியல் அடிப்படை பழைய நிவந்தத்தைக் காட்டிலும் நொய்தானது. காப்பகத்திலுள்ள விலங்கு வருவாய் ஈட்டுவதில்லை. அதற்கான தீவனமும் மருத்துவமும் பணியாளர் ஊதியமும் நாள்தோறும் வேண்டும். மானியமோ ஆண்டுக்கு ஆண்டு முடிவு செய்யப்படுவது.

சுற்றுச்சூழலுக்கு வரிச் சட்டத்தில் தனித்த இடம் இன்னும் பின்னரே கிடைத்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அறநோக்கம் என்பதற்குத் தரப்பட்ட வரையறையில், நீர்ப்பிடிப்புப் பகுதிகள், காடுகள், காட்டுயிர்கள் உள்ளிட்ட சுற்றுச்சூழலைப் பாதுகாத்தல் என்பது 2009ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டத்தால் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அதுவரை அது பொதுநலப் பயன்பாடு என்னும் பொதுத் தலைப்பின்கீழ் மட்டுமே கோரத்தக்கதாக இருந்தது. அதே சட்டம் அறக்கட்டளையின் மூலநிதியாக அளிக்கப்படும் கொடையையும் ஏனைய வருவாயையும் வேறுபடுத்தியது. ஏனைய வருவாயில் பொதுவாக 85 விழுக்காடு அறநோக்கத்துக்குச் செலவிடப்பட வேண்டும் என எதிர்பார்த்தது. முதலை அழியாது காத்து, பயனைத் தேங்கவிடாது செலவிடுக என்னும் பழைய நெறியின் சாயலை இதில் காணலாம். எனினும் மூலநிதி அளிக்கும் கொடையாளர் இன்றி இவ்வேற்பாட்டால் பயனில்லை. ஒரு குளத்தை ஒருமுறை தூர் வாருவதற்கும் ஒரு காப்பகத்துக்குக் கூரை அமைப்பதற்கும் கிடைக்கும் நல்கை, அடுத்த ஆண்டின் வண்டலுக்கும் அடுத்த மாதத்தின் தீவனத்துக்கும் கிடைப்பது அரிது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைக் கூறலாம். முதலாவதாக, இடைக்காலத் தமிழகக் கொடை ஆவணங்கள் ஆக்கத்துக்கும் பராமரிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தன. பராமரிப்பை அவை நன்கொடையாளரின் தொடர்ந்த நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவில்லை, முதலோடு பிணைத்தன.

இரண்டாவதாக, நிலைபேறு இருவேறு வழிகளில் நாடப்பட்டது. சாவா மூவாப் பேராடு இழப்பைக் காப்பாளருக்கு மாற்றியது. ஏரிப்பட்டியும் உக்கல் தண்ணீர்ப் பந்தலும் காப்பாளரின் உழைப்பைக் கொடையின் செலவாக ஏற்றன. இரண்டையும் ஒரே அறமரபாகப் பொதுமைப்படுத்தும்போது, இடையர் குடும்பங்கள் சுமந்த பொறுப்பு கண்ணுக்குத் தெரியாது போகிறது.

மூன்றாவதாக, பிற்காலத்தில் நோக்கங்கள் விரிந்த அளவுக்கு ஏற்பாடுகள் உறுதிப்படவில்லை. விலங்கு தன்பொருட்டே காக்கத்தக்கது என்பதும் சுற்றுச்சூழல் தன்னளவிலேயே அறநோக்கம் என்பதும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுள்ளன. ஆனால் காப்பகத்தின் பணியாளரும் ஏரிக்கரையின் காவலரும் பெறும் ஊதியம் இன்னும் குறுகிய கால நல்கையைச் சார்ந்தே நிற்கிறது. நல்கை நின்றபின் விலங்கைக் கைவிட மனமின்றித் தம் கைப்பொருளைச் செலவிடும் காப்பாளர், வறட்சி ஆண்டில் நெய் அளக்க நேர்ந்த இடையரின் நிலையிலேயே இருக்கிறார்.

ஆகவே உயிரினங்களுக்கும் நீர்நிலைகளுக்குமான எந்த நிதி ஏற்பாட்டையும் மதிப்பிடும்போது, வழங்கப்பட்ட தொகையோடு மேலும் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: முதல் எங்கே உள்ளது, கணக்கை யார் பார்க்கிறார், இழப்பு நேரும் ஆண்டில் அதனை யார் ஏற்கிறார். முதலிரண்டு வினாக்களுக்கும் கல்வெட்டுகளில் விடை பெரும்பாலும் முன்வரிகளிலேயே கிடைக்கிறது. மூன்றாம் வினாவின் விடை இறுதியிலுள்ள இடையர் பெயர்ப்பட்டியலில் உள்ளது. அப்பட்டியல்களை ஊர்வாரியாகவும் காலவாரியாகவும் தொகுத்து ஆராய்ந்தால், அறக்கொடையின் வரலாற்றைக் கொடுத்தவர் பக்கத்திலிருந்து மட்டுமின்றிக் காத்தவர் பக்கத்திலிருந்தும் எழுத இயலும்.